பேப்பர் போடப் போகும் பிள்ளைகளுக்கு

சேக்காட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் திசைகள் பல. இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் பாடிக்கும் போகிறவர்கள் உண்டு. ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், கம்பெனி பஸ்ஸில் திருமழிசைக்கும் பூந்தமல்லிக்கும் போகிறவர்கள் உண்டு. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்த பிறகு ஐடி வேலையும் வாசலுக்கே வந்துவிட்டது. வேலைக்குச் சேரும் அன்று வழி சொல்ல வீடு நிறைய ஆள் இருக்கிறது. பேப்பர் போட்டு, அதாவது ராஜினாமா கொடுத்து, விடும் அன்று சொல்லித் தர ஆள் இல்லை. நான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்து ஓய்வு பெற்றவன். பணம் நஷ்டப்படுவதும் பெயர் கெடுவதும் பெரும்பாலும் விலகுகிற நேரத்தில்தான் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடுத்த வேலை உறுதியாகும் வரை வாய் திறக்காதீர்கள். உறுதியான பிறகு வாயால் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

1. விலகுவது தப்புக் காரியம் இல்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட கம்பெனியை எப்படி விடுவது என்று பல பிள்ளைகள் குமைகிறார்கள். அந்த நன்றி நல்ல குணம்தான். ஆனால் நீங்கள் உழைத்தீர்கள், அவர்கள் சம்பளம் தந்தார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன நோட்டீஸைக் கொடுத்துவிட்டு விலகுகிறவர் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. தலை குனியாமல் சொல்லுங்கள்.

2. சொல்வதற்கு முன்னால் ஒருவருக்கும் தெரிய வேண்டாம். இந்தப் பக்கத்தில் இது ரொம்ப முக்கியம். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகள் ஒன்றையொன்று ஒட்டி இருப்பவை. ஒருவர் செய்யும் பாகம் அடுத்தவருக்குப் போகிறது. பக்கத்துத் தெரு பட்டறைக்காரரும் உங்கள் பர்ச்சேஸ் மேனேஜரும் தினமும் பேசிக்கொள்கிறவர்கள். திருவள்ளூரிலிருந்து வரும் காலை லோக்கலில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் சூப்பர்வைசரின் மைத்துனராக இருக்கலாம். போனில் "இன்டர்வியூ முடிஞ்சுதுடா" என்று சத்தமாகச் சொன்னது ரயில் அம்பத்தூர் வருவதற்குள் உங்கள் டிபார்ட்மெண்டுக்குப் போய்ச் சேரும்.

கம்பெனி கம்ப்யூட்டரில் வேலை தேடாதீர்கள். கம்பெனி மெயிலிலிருந்து பயோடேட்டா அனுப்பாதீர்கள். ஷாப் ஃப்ளோர் பிரிண்டரில் அதை அச்செடுக்காதீர்கள். நௌக்ரி தளத்தில் உங்கள் விவரத்தை இப்போதைய கம்பெனி பார்க்காமல் மறைக்க வழி இருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள். லிங்க்ட்இன்னில் வேலை தேடுகிறேன் என்று பச்சை வளையம் போட்டுக்கொள்ளாதீர்கள். இன்டர்வியூவுக்கு லீவு எடுத்தால் "சொந்த வேலை" என்று மட்டும் எழுதுங்கள், போதும். இல்லாத நோயையும் இல்லாத சாவையும் எழுதாதீர்கள். பின்னால் அந்தப் பொய்க்குப் பொய் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். புது கம்பெனி விசாரிக்க ஆள் கேட்டால் இப்போதைய மேனேஜர் பெயரைக் கொடுக்காதீர்கள். ஆஃபர் வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள், முறையான கம்பெனி அதை ஏற்றுக்கொள்ளும்.

வீட்டில் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாதச் சம்பளத்தை நம்பி சீட்டு கட்டுகிறவர்கள் அவர்கள்.

3. ஆஃபர் லெட்டர் எழுத்தில் வராமல் பேப்பர் போடாதீர்கள். "செலக்ட் ஆயிட்டீங்க, ஜாயின் பண்ணிடுங்க" என்று போனில் சொன்னது கணக்கில் வராது. சம்பளம், பதவி, சேரும் தேதி எல்லாம் இருக்கிற கடிதம் வேண்டும். மெடிக்கல் டெஸ்ட், பின்னணி விசாரணை என்று நிபந்தனை இருந்தால் அவை முடியும் வரை பொறுங்கள். 2022-ல் பெரிய ஐடி நிறுவனங்களே கொடுத்த ஆஃபரைத் தள்ளிப்போட்டன, சிலருக்கு ரத்தும் செய்தன. கையிலிருந்த வேலையை அதற்குள் விட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். வேலை தருகிறேன் என்று உங்களிடம் டெபாசிட் கேட்கிறவர் எவரானாலும் விலகிப் போங்கள்.

சி.வி. ராமன் அரசின் நிதித் துறையில் பத்து ஆண்டு அதிகாரியாக இருந்தார். பகலில் ஆபீஸ் வேலை, காலையும் மாலையும் ஆய்வுக்கூடம். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி உறுதியான பிறகே, 1917-ல், சம்பளம் குறைவு என்று தெரிந்தும் அரசு வேலையை விட்டார். அவ்வளவு பெரிய மனிதரும் இந்த வரிசையை மாற்றவில்லை.

4. சேரும்போது கையெழுத்துப் போட்ட பணி ஆணையை எடுத்து, உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். நோட்டீஸ் எத்தனை நாள்? தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ஒரு மாதம், ஐடியில் இரண்டு மூன்று மாதம். நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டி முன்னதாகப் போக வழி இருக்கிறதா? பயிற்சிக்கு பாண்ட் எழுதிக் கொடுத்தீர்களா?

பாண்டைப் பற்றி இரண்டு விதமாகவும் தப்பாகச் சொல்வார்கள். "அது செல்லாது, தூக்கிப் போடு" என்பார் ஒருவர். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் விலகிய ஒரு வங்கி அதிகாரி ஒப்புக்கொண்டபடி 2 லட்சம் கட்டியது சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் பாண்ட் என்பதை வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். இன்னொருவர், "இதே தொழிலில் வேறு கம்பெனிக்குப் போகவே கூடாது என்று எழுதியிருக்கிறதே" என்று நடுங்குவார். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் பிழைக்கும் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகும் கட்டிப் போடும் நிபந்தனைகளுக்கு நீதிமன்றங்கள் இதையே பதிலாகச் சொல்லி வந்திருக்கின்றன. ஆனால் கம்பெனியின் டிராயிங், விலைப்பட்டியல், கஸ்டமர் விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போக இந்தப் பிரிவு இடம் தரவில்லை.

5. தேதியைப் பார்த்துப் போடுங்கள். இதில்தான் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள்.

பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் உண்டு. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷம் தொடர்ந்த வேலை வேண்டும். கணக்கு இதுதான்: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருஷங்களால் பெருக்க வேண்டும். கடைசி வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் போயிருந்தால் அதுவும் முழு வருஷம். கணக்கில் வரும் சம்பளம் 18,000, வேலை பார்த்தது ஏழு வருஷம் எட்டு மாதம் என்றால் எட்டு வருஷமாக எடுத்துக்கொண்டு சுமார் 83,000 ரூபாய் வரும். ஏழு வருஷம் ஐந்து மாதத்தில் அவசரப்பட்டுப் போனவருக்கு அதில் பத்தாயிரத்துக்கு மேல் குறையும். நாலே முக்கால் வருஷத்தில் போகிறவர் மொத்தத்தையும் வழக்காடி வாங்க வேண்டியிருக்கும். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் புது கம்பெனியிடம் சில வாரம் கேட்டு வாங்கி ஐந்தை முடித்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். ஒப்பந்தக் காலம் குறித்து வேலைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு வருஷமே போதும் என்று 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது.

அடுத்தது போனஸ். "தீபாவளி போனஸ் வாங்கிட்டு நின்னுக்கலாம்" என்று நல்ல வாய்ப்பைக் கைவிட்ட பையன்கள் எத்தனையோ பேர். சட்டப்படி வர வேண்டிய போனஸ் போன கணக்கு வருஷத்துக்கானது. அந்த வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே, குறைந்தபட்சம் 8.33 சதவீதம், விலகியவருக்கும் சேர வேண்டும். சம்பள வரம்புக்குள் இருக்கிறவர்களுக்கு இது உரிமை. பாங்க் கணக்கு எண்ணையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தீபாவளிக்கு அவர்கள் அனுப்பாவிட்டால் கேட்டுக் கடிதம் போடுங்கள்.

6. முதலில் நேரடி மேலதிகாரியிடம், தனியாக, நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள், கேன்டீனில் சொல்லாதீர்கள். அவர் மற்றவர் வாயால் கேள்விப்பட்டால் அந்த அவமானத்தை மறக்க மாட்டார். "சார், ஒரு விஷயம் பேசணும்" என்று கேட்டு, கதவை மூடி, இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுங்கள். எங்கே போகிறீர்கள், எவ்வளவு சம்பளம் என்று கேட்பார். "சேர்ந்த பிறகு நானே சொல்றேன் சார்" என்று மரியாதையோடு சொல்லலாம். அதைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சம்பளம் ஏற்றித் தருகிறேன், இரு என்பார்கள். அதுவும் எழுத்தில் வந்தால் மட்டுமே யோசியுங்கள். என் அனுபவத்தில், பேப்பர் போட்டுவிட்டு வார்த்தையை நம்பித் தங்கியவர்களை கம்பெனி அதற்குப் பிறகு முழுதாக நம்பியதில்லை.

7. அன்றைக்கே கடிதம். சின்னதாக, காரணம் விளக்காமல். குறை, கோபம், பக்கத்து சீட்டுக்காரர் செய்த அநியாயம் எதுவும் அதில் வேண்டாம். அந்தக் கடிதம் உங்கள் ஃபைலில் நீங்கள் போன பிறகும் இருக்கும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலேயே எழுதுங்கள், அதுவும் கடிதம்தான்:

"ஐயா, தங்கள் நிறுவனத்தில் இன்ன பதவியில், இன்ன ஊழியர் எண்ணில் பணியாற்றி வருகிறேன். சொந்தக் காரணங்களால் இப்பணியிலிருந்து விலகுகிறேன். பணி ஆணையின்படி இன்று முதல் 30 நாள் நோட்டீஸ் தருகிறேன். என் கடைசிப் பணி நாள் இன்ன தேதி. அதற்குள் என் பொறுப்புகளை ஒப்படைப்பேன். ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் தந்து, என் கணக்கை முடித்துத் தருமாறு வேண்டுகிறேன். இதுவரை தந்த வாய்ப்புக்கு நன்றி."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் டைம் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மெயிலிலும் போடுங்கள். நோட்டீஸ் எந்தத் தேதியில் தொடங்கியது என்ற சண்டைக்கு இந்தக் காகிதம்தான் சாட்சி.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: கேட்டில் எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும் உங்கள் முதலாளி காண்ட்ராக்டர்தான். கடிதம் அவருக்குப் போக வேண்டும். அவர் சம்பளம் தராமல் ஏமாற்றினால் அந்தக் கம்பெனியும் பொறுப்பு.

8. நீங்களாக விரும்பாத ராஜினாமாவை எழுதிக் கொடுக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆட்குறைப்பு வரும்போது ஒவ்வொருவராக ரூமுக்குள் கூப்பிட்டு, "நீயே பேப்பர் போட்டுட்டா ரெக்கார்ட் சுத்தமா இருக்கும்" என்பார்கள். போனையும் வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். தொழிலாளியை கம்பெனி ஆட்குறைப்பு செய்தால் நோட்டீஸும், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் தர வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த இழப்பீடு கிடையாது. "வீட்ல பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். மிரட்டி வாங்கிவிட்டால் அன்று இரவே, என் விருப்பமில்லாமல் வாங்கப்பட்டது, திரும்பப் பெறுகிறேன் என்று மெயில் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் அதற்கு பலம் குறைவு.

பெண் பிள்ளைகளிடம் இதை இன்னும் மென்மையாகக் கேட்பார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும், "உடம்பைப் பார்த்துக்கம்மா, எழுதிக் கொடுத்துட்டு வீட்ல இரு" என்பார்கள். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் உங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு உண்டு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது முழுதாகக் கிடைக்கும். அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். 2015 ஜனவரியில் டிசிஎஸ் நிறுவனத்தின் ஆட்குறைப்பில் சிக்கிய ஒரு கர்ப்பிணி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தன்னை நீக்குவதற்கு இடைக்காலத் தடை வாங்கினார். அவர் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வழக்கே இல்லை. விடுப்பை முழுதாக எடுங்கள். அதன் பிறகு வேலைக்கு வருவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

9. அரசு வேலையில் இருப்பவர்களுக்கு விதி வேறு. டாங்கித் தொழிற்சாலையான எச்.வி.எஃப், படைத்துறை உடைத் தொழிற்சாலை, டாங்கி ஆய்வுக்கூடமான சி.வி.ஆர்.டி.இ என்று ஆவடியைச் சுற்றி அந்தக் குடும்பங்கள் நிறைய. தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் அரசு கம்பெனிகளின் கீழ் வந்துவிட்டன. அதனால் உங்களுக்கு இப்போது எந்த விதி பொருந்தும் என்பதை நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறவர் மத்திய அரசு வேலையிலிருந்து சும்மா ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சர்வீஸ் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். இன்னொரு அரசு வேலைக்கு முறையான வழியில் அனுமதி வாங்கி விண்ணப்பித்து, அதில் சேர்வதற்காக விலகினால் அது டெக்னிக்கல் ராஜினாமா. பழைய சர்வீஸ் தொடரும். கடிதத்தில் அந்தச் சொல் இருக்க வேண்டும். இன்ன தேதி முதல் விலகுகிறேன் என்று கொடுத்த ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று ஒரு நீதிபதியின் ராஜினாமா வழக்கிலேயே 1978-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

10. நோட்டீஸ் நாட்களில் முன்னைவிட ஒழுங்காக வேலை செய்யுங்கள். சொல்லாமல் நின்றுவிடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. சம்பள நாள் முடிந்த மறுநாள் போனை அணைத்துவிடுகிறார்கள். கம்பெனி அதை "ஓடிவிட்டார்" என்று பதிவு செய்யும். பின்னணி விசாரணைக்கு போன் வரும்போது அந்த ஒரு வார்த்தைதான் பதிலாகப் போகும். உங்கள் மெஷினின் செட்டிங், பாதியில் நிற்கும் ஆர்டர், பாஸ்வேர்ட், சாவி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, அடுத்து வருகிறவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். பென் டிரைவ் பக்கம் கையே போக வேண்டாம்.

11. கணக்கு முடிப்பு. கிளம்பும் முன் வாங்க வேண்டியவை: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி சம்பளச் சீட்டுகள், எதை எதற்குப் பிடித்தார்கள் என்று காட்டும் செட்டில்மெண்ட் தாள். சேரும்போது அசல் சர்டிபிகேட் கொடுத்திருந்தால் அதை எழுதிக் கேட்டு வாங்குங்கள். விலகியவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று இப்போதைய ஊதியச் சட்டம் சொல்கிறது. பல கம்பெனிகள் 45 நாள் என்று பழைய பழக்கத்தையே சொல்லும். தேதி போட்டு நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள். கிராஜுவிட்டிக்கு 30 நாள் கெடு.

பி.எஃப். பணத்தை உருவாதீர்கள், மாற்றுங்கள். கையில் நாற்பதாயிரம் வருகிறதே என்று ஒவ்வொரு கம்பெனியிலும் எடுத்துச் செலவழித்தவர்களுக்குப் பத்து வருஷ சர்வீஸ் சேரவே இல்லை. பத்து வருஷம் இருந்தால்தான் 58 வயதில் பென்ஷன். விலகிய தேதியைக் கம்பெனி பதிவு செய்யாவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உங்கள் பி.எஃப். எண்ணான யுஏஎன் கணக்கில் நீங்களே பதியலாம். இரண்டு கம்பெனியின் தேதிகள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தது போல் அது தெரியும்.

இ.எஸ்.ஐ. விலகிய அன்றே தீர்ந்துவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்குள் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. வீட்டில் மருந்து சாப்பிடுகிற பெரியவர்கள் இருந்தால் இதை விடாதீர்கள்.

வருமான வரி கட்டும் நிலையில் இருப்பவர்கள், பழைய கம்பெனியில் வாங்கிய சம்பள விவரத்தைப் புது கம்பெனிக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர்கள் தங்கள் மாதங்களை மட்டும் கணக்கில் எடுத்து வரியைக் குறைவாகப் பிடிப்பார்கள். மீதியை ஜூலையில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

12. போன பிறகு பழைய கம்பெனியைப் பற்றி ரயிலில் பேசாதீர்கள். நீங்கள் ரகசியம் காக்கத் தொடங்கிய இடமும் அந்த ரயில்தான். இங்கே முதலாளிகளும் மேனேஜர்களும் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள். உங்களைத் திட்டியவர் நாளைக்கு உங்கள் புது கம்பெனிக்கே வரலாம்.

13. இது விலகும் எண்ணமே இல்லாதவர்களுக்கும். யுஏஎன் கணக்கைத் திறந்து, உங்கள் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னும் பின்னும் மாறிக் கிடப்பது நம் ஊர்ப் பெயர்களில் சகஜம். பழைய யுஏஎன் எண்களில் அதைத் திருத்த இன்னும் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படுகிறது. நீங்கள் அங்கே வேலையில் இருக்கும்போது அந்த ஒப்புதல் ஒரு வாரத்தில் கிடைக்கும். விலகிய பிறகு அதே கையெழுத்துக்காக கேட்டில் நிற்க வேண்டிவரும். இன்று இரவே பார்த்துவிடுங்கள்.